திருகோணமலைக்கு முதலில் எந்த லென்ஸ்: 10-18ஆ, 55-250ஆ?

கிட் லென்ஸோடு (கமராவோடு சேர்ந்தே வரும் 18-55 மி.மீ. லென்ஸ்) கமரா வாங்கியவர் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நிலக்காட்சி எடுக்க அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்? யாரிடம் கேட்டாலும் "வைட் லென்ஸ் எடுங்கோ" என்பார்கள். மி.மீ. எண் குறைந்தால் சட்டத்துக்குள் அகலமான காட்சி விழும், கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். கெனன் பாவிப்பவருக்கு அந்த வைட் லென்ஸ் 10-18 மி.மீ. எஸ்டிஎம். 2014இல் சுமார் 300 டொலர் விலையில் வந்தது. அதற்குமுன் கெனனிடம் அவ்வளவு அகலமான லென்ஸ் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல லென்ஸ்தான். ஆனால் திருகோணமலையில் படம் எடுக்கப் போகிற ஒருவரிடம் ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், நான் 55-250 மி.மீ. லென்ஸைத்தான் சொல்வேன்.

காரணம் ஊரின் அமைப்பு. இங்கே நம் கண்ணை இழுக்கும் காட்சிகள் பெரும்பாலும் தண்ணீருக்கு அப்பால் நிற்கின்றன. டச்பே கடற்கரையில் நின்றால் கோணேசர் மலை குடாவுக்கு அந்தப் பக்கம். உப்புவெளி மணலில் இருந்து பார்த்தால் அதே மலை இன்னும் சில கிலோமீற்றர் தள்ளி. கொட்டியாரக் குடாவில் மூதூர்க் கரை தொடுவானத்தோடு ஒட்டிய ஒரு கோடு. மலைநாட்டில் என்றால் கொஞ்சம் முன்னே நடந்து காட்சியைப் பெரிதாக்கலாம். இங்கே நடக்கத் தரை இல்லை, கடல்தான் இருக்கிறது.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவை வைத்துக் கணக்குப் பார்ப்போம். கரையில் இருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரம். பெரிய தீவின் நீளம் 200 மீற்றர் அளவு. கெனன் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சர் உள்ள) கமராவில் 10 மி.மீ. வைத்தால், அந்தத் தூரத்தில் படச்சட்டத்துக்குள் விழும் அகலம் 2 கிலோமீற்றருக்கும் மேல். தீவு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீதி முழுவதும் வானமும் தண்ணீரும். 55 மி.மீ.யில் அகலம் 400 மீற்றர் ஆகிறது, தீவு பாதிச் சட்டத்தைப் பிடிக்கிறது. 100 மி.மீ.யில் தீவு முழுவதும் அளவாகப் பொருந்தும். 250 மி.மீ.யில் 90 மீற்றர்தான் விழும்; பாறையில் அலை உடைவதை மட்டும் தனியாக எடுக்கலாம். ஒரே இடத்தில் நின்றபடி மூன்று வேறு படங்கள். 10-18 லென்ஸால் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

நீண்ட லென்ஸ் இன்னொன்றும் செய்யும். டச்பேயில் சூரியன் கடலில் இருந்து எழும் நேரத்தில், அருகே போகும் வள்ளத்தையும் தூரத்து மலையையும் 150 மி.மீ.யில் எடுத்துப் பாருங்கள். மலை வள்ளத்துக்குப் பின்னால் நெருங்கி வந்து நிற்கும். கரைவலை இழுப்பவர்களைத் தூரத்தில் இருந்து, அவர்களின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், பின்னணி நீலத்தோடு சேர்த்து எடுக்கலாம். இந்த ஊரின் நிலக்காட்சி என்று நான் நினைப்பது இதைத்தான். மனிதரும் மலையும் கடலும் ஒரே சட்டத்தில், எதுவும் சிறுத்துப் போகாமல்.

10-18க்கு உரிய இடங்களும் இங்கே உண்டு. அரிசிமலைக் கடற்கரையில் காலடி மணலில் இருந்து பாறை வரை ஒரே படத்தில் கூர்மையாக வேண்டுமா, அதற்கு இதை விட்டால் மலிவான வழி இல்லை. 10 மி.மீ., எஃப் 8இல் (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) முக்கால் மீற்றர் தூரத்தில் போகஸ் செய்தால் அரை மீற்றருக்கும் கிட்டத்தில் இருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும். கிட் லென்ஸின் 18 மி.மீ.யில் அதே எஃப் 8க்கு 2 மீற்றருக்குச் சற்று மேலே போகஸ் வைக்க வேண்டும். ஒரு மீற்றருக்குக் கிட்ட உள்ளதெல்லாம் மங்கும். முன்னால் கிடக்கும் சங்கு, நண்டு கிண்டிய மணல், நுரை வளையம் இவற்றைப் பெரிதாகக் காட்டிப் படம் எடுப்பவருக்கு அந்த வித்தியாசமே எல்லாம். கோணேசர் கோயில் வளவிலும் பின்னால் போக இடம் குறைவு. அங்கேயும் 10-18 உதவும். ஆனால் உயரமான சிவன் சிலையை அண்ணாந்து பிடித்தால் கோடுகள் உள்ளே சாயும். கமராவை மட்டமாகப் பிடித்து, கீழே வரும் தரையைப் பிறகு வெட்டி எடுப்பது நல்லது.

அகலம் மட்டும்தான் தேவையென்றால் காசில்லாத வழி ஒன்றும் உண்டு. கிட் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து, கமராவை நெடுக்காகத் திருப்பி, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியுமாறு நாலைந்து படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டலாம். உட்துறைமுகப் பக்கத்து அமைதியான நீரிலும் கிண்ணியாப் பாலத்தடியிலும் இது அழகாக வரும். அலை அடிக்கும் உப்புவெளியில் வராது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அலை இடம் மாறிவிடும், ஒட்டிய இடம் தெரியும்.

வேறு கம்பனி வைட் லென்ஸான டொகினா 11-16 எஃப் 2.8 பாவித்ததாகக் கிடைத்தால் ஆசை வரும். அரைக் கிலோவுக்கு மேல் எடை, 77 மி.மீ. விட்டமுள்ள பில்டர். இரவு வானத்தில் பால்வெளி எடுப்பவருக்கு அந்த எஃப் 2.8 உண்மையிலேயே தேவை. பகலில் முக்காலியில் வைத்து எஃப் 8இல் எடுப்பவருக்கு அது தேவையே இல்லை. சாம்யாங் 14 எஃப் 2.8இன் முன் கண்ணாடி உருண்டு வெளியே தள்ளியிருக்கும். பில்டர் திருக முடியாது. உப்புக்காற்றில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கெனனின் 24 மி.மீ. எஃப் 2.8 மிகக் கூர்மை, 125 கிராம்தான். ஆனால் உங்கள் 18-55க்குள் அந்த 24 ஏற்கெனவே இருக்கிறது.

பில்டர் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். 10-18க்கு 67 மி.மீ.; 55-250க்கும் 18-55க்கும் 58 மி.மீ. ஆகவே பொலரைசரும் (பளபளப்பை நீக்கும் பில்டர்) என்டியும் (வெளிச்சத்தைக் குறைக்கும் பில்டர்) 67 அளவில் ஒருமுறை வாங்கி, 58இல் இருந்து 67க்கு மாற்றும் வளையம் ஒன்று எடுத்தால் மூன்று லென்ஸுக்கும் போதும். மாபிள் பீச்சில் நீரின் பளபளப்பை நீக்கி அடிமணலைக் காட்ட பொலரைசர் அவசியம். ஆனால் 10 மி.மீ.யில் அதைப் போட்டால் வானம் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்து நிற்கும். 55க்கு மேலே அந்தத் தொல்லை இல்லை.

நீண்ட லென்ஸுக்கு இங்கே இரண்டு எதிரிகள். ஒன்று கச்சான் காற்று (தென்மேற்கில் இருந்து வீசுவது): லேசான முக்காலியை ஆட்டிவிடும், முக்காலியின் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். மற்றது வெயில்: காலை ஒன்பதுக்குப் பிறகு சூடேறிய காற்று நடுங்கத் தொடங்கினால் எந்த விலை லென்ஸிலும் தூரத்து மலை கலங்கித்தான் தெரியும். விடியலில் எடுங்கள், மார்கழி, தை மழை விட்ட அடுத்த நாள் இன்னும் நல்லது. கடற்படைத் தளம் இருக்கும் பக்கம் மட்டும் அந்த லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

நிக்கொன்காரர்களுக்கும் இதே வரிசைதான்: முதலில் ஏஎப்-பி (மோட்டாரில் போகஸ் ஆகும் நிக்கொன் லென்ஸ் வகை) 70-300, பிறகு ஏஎப்-பி 10-20. ஆனால் டி3100, டி3200, டி5100, டி90, டி7000 வைத்திருப்பவர்கள் இந்த ஏஎப்-பி லென்ஸ்களை வாங்கக்கூடாது. அந்தக் கமராக்களில் கையாலும் போகஸ் செய்ய முடியாது, வளையம் மின்சாரத்தில்தான் இயங்கும்.

பாவித்த லென்ஸ் பார்க்கப் போகும்போது டோர்ச் லைட் ஒன்று கொண்டு போங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்தில் இருந்து வெளிச்சம் பாய்ச்சிச் சரித்துப் பாருங்கள். சில தூசித் துகள்கள் படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பங்கஸ் (பூஞ்சணம்). நம் ஈரக்காற்றில் அது வளர்ந்துகொண்டே போகும். கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.