தெருக்கோடி வீட்டில் மூன்று கிலோவாட் சோலார்: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் தெருவின் கடைசி மின்கம்பம் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கிறது. பேனல்களைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் இல்லை.

சிக்கல் இரண்டாவது ஜனவரியில் தொடங்கியது. அதற்குள் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் சோலார் ஏறியிருந்தது. பளிச்சென்ற நண்பகலில், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தெருக்கம்பியோடு இணைக்கும் இன்வெர்ட்டர் நின்றுவிடும். சில நிமிடம் கழித்துத் தானே ஓடும், மறுபடி நிற்கும். விற்றவரோடு சண்டைகூடப் போட்டேன். பாவம், அவர்மேல் தவறில்லை. இன்வெர்ட்டரின் திரை, 230 இருக்க வேண்டிய இடத்தில் 264 வோல்ட் காட்டியது. வோல்டேஜ் வரம்பைத் தாண்டினால் அது தானாக விலகிக்கொள்ளும். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட நேரத்தில் அத்தனை மின்சாரத்துக்கும் ஆளில்லை. ஐந்து மாடிகளின் உற்பத்தியும் டிரான்ஸ்ஃபார்மரை நோக்கித் திரும்பி ஓடுகிறது. அப்படி ஓட, நம் முனையில் வோல்டேஜ் உயர்ந்தாக வேண்டும். கம்பி நீள நீள உயர்வும் கூடும் என்பதால் வரம்பை முதலில் தொடுவது தெருக்கோடி வீடுதான். ஏப்ரலில் இந்தத் தொல்லை இல்லை. அக்கம்பக்கத்து ஏசிகள் எல்லாவற்றையும் தின்றுவிடுகின்றன.

புகார் கொடுத்ததும் டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை, அதாவது தெருவுக்கு வரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, ஒரு படி இறக்கினார்கள். பகல் சரியானது. இரவு எட்டு மணிக்கு 195 வோல்ட், மின்விசிறி நகர மறுத்தது! சப்ளையை நிறுத்தி ஆள் வந்து திருப்ப வேண்டிய டேப் அது. பகலுக்கொன்று இரவுக்கொன்று வைக்க முடியாது. பழைய படிக்கே திரும்பினோம். பிறகு வந்த லைன்மேன் ஒருவர் கம்பத்தில் ஏறிப் பார்த்து, சோலார் உள்ள ஐந்தில் நான்கு வீடுகள், தெருவில் ஓடும் மூன்று மின்கம்பிகளில் (ஃபேஸ்) ஒன்றிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டை வேறு ஃபேஸ்களுக்கு மாற்றியதும் 250க்குள் அடங்கியது.

மின்தடையின்போது சோலாரும் நின்றுவிடும் என்பதை வாங்கும்முன் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் அது நிற்காவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பம் ஏறுபவருக்கு என் மாடியிலிருந்து மின்சாரம் பாயும். அதனால் அதில் வருத்தமில்லை. இப்படித் தானாக விலகும் குணமே ஜெர்மனியில் நாட்டளவில் தலைவலியானது. மின்சாரத்தின் அதிர்வெண் வழக்கமான 50இலிருந்து 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் பழைய இன்வெர்ட்டர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் விலகி, மின்கட்டமைப்பே தடுமாறக்கூடிய நிலை; 2012இல் விதி கொண்டுவந்து, உற்பத்தி படிப்படியாகக் குறையும்படி மாற்றியமைத்தார்கள்.

இப்போது மோட்டார், கிரைண்டர், துணி துவைப்பது எல்லாம் பதினொரு மணிக்கு மேல்தான். ஜனவரியில் இன்னும் ஓரிரு முறை நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் அடுத்த மாதம் 5 கிலோவாட் போடப்போகிறாராம். எந்த ஃபேஸ் என்று முதல் வேலையாகக் கேட்டுவிட்டேன்.