பழைய காருக்கு ஸ்டேபில்: எங்கே பலன் தரும், எங்கே தராது

சிவப்பு நிறத்தில் வரும் ஸ்டேபில் ஸ்டோரேஜ், நிறுத்தி வைக்கும் வண்டியில் பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடந்த காரை எழுப்பப் போகிறவர்களும் இதையே தேடி வாங்குகிறார்கள். அங்கே இதனால் பலனே இல்லை.

பெட்ரோலில் உள்ள சில ஹைட்ரோகார்பன்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகின்றன. ஸ்டேபில் அதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். உண்டாகிவிட்ட பிசினை மறுபடி பெட்ரோலாக்காது. ஆவியாகிப்போன லேசான பகுதிகளையும் திருப்பித் தராது. குளிர்ந்த எஞ்சின் சட்டென்று பற்றிக்கொள்வதே அவற்றால்தான்.

ஆகவே பாட்டிலைத் திறக்கும் முன், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறமும் வழக்கமான நெடியும் இருந்தால் பிழைக்கும். அரக்கு நிறமாகி, பழைய வார்னிஷ் போலப் புளித்த வாடை அடித்தால் மொத்தத்தையும் இறக்க வேண்டியதுதான். குப்பியை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் தனி அடுக்கு தெரிகிறதா என்றும் கவனியுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 10 சதவீதம் எத்தனால் இருந்தால் சாதாரண வெப்பநிலையில் அரை சதவீதத் தண்ணீர் வரைதான் தாங்கும்; அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து கீழே இறங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான். பிரிந்ததை ஸ்டேபிலோ வேறெதுவோ மறுபடி சேர்க்காது.

கெட்டதோடு புதுப் பெட்ரோலைக் கலந்து ஓட்டியே தீர்த்துவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். பிசின், எஞ்சினுக்குள் பெட்ரோல் கலந்த காற்றை விடும் இன்டேக் வால்வின் தண்டில் படியும். எஞ்சின் சூடாக இருக்கும்வரை இளகியிருக்கும். ஆறியதும் இறுகி, வால்வை அதன் தண்டு ஏறி இறங்கும் கைடு என்ற குழலோடு ஒட்டிவிடும். மறுநாள் செல்ஃப் அடித்ததும் வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராட் வளையும். முந்தின நாள் அருமையாக ஓடிய வண்டிக்கு இந்தக் கதி வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

திறந்தவெளியில், பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிரெயின் பிளக் வழியாக இறக்குங்கள். பெட்ரோல் கேஜ் யூனிட்டை எடுத்தால் டேங்கின் உட்புறம் தெரியும். அடியில் தார் போலப் படிந்திருந்தால் டேங்கையே கழற்றி அசிட்டோன் ஊற்றி ஊறவிட வேண்டும். அருகில் தீப்பொறி ஆகாது, ரப்பர் பாகங்கள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஃபில்டரும் ரப்பர் ஹோஸ்களும் புதிதாகவே போட வேண்டும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் விட்டுவைக்காதீர்கள்: விறைத்துக் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். கார்புரேட்டரில் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே வரும் பெட்ரோலை அளவு நிரம்பியதும் அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில். பிசினில் சிக்கி மூடாமல் நின்றால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளான ஜெட்டுகளைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும்.

இத்தனையும் முடிந்து புதுப் பெட்ரோல் போடும்போதுதான் ஸ்டேபிலின் முறை. 9.5 லிட்டருக்கு 30 மில்லி. 40 லிட்டருக்கு ஏறக்குறைய 125 மில்லி. முதலில் இதை ஊற்றி, மேலே பெட்ரோலை விட்டால் தானே கலந்துவிடும். டேங்கை 95 சதவீதம் நிரப்புங்கள்: காற்றுக்கு இடம் குறையும், வெயிலில் விரியவும் இடம் இருக்கும். பிறகு எஞ்சினைப் பத்து நிமிடமாவது ஓட்டாவிட்டால் மருந்து டேங்கிலேயே நின்றுவிடும். கார்புரேட்டருக்குப் போய்ச் சேராது.

பாட்டிலில் 24 மாதம் தாங்கும் என்று போட்டிருக்கிறது. மூடி இறுக்கிய கேனுக்கு அது பொருந்தலாம். காற்றுத் துளையுள்ள பழைய டேங்கில் ஒரு வருஷத்துக்கு மேல் நம்பாமல் இருப்பது நல்லது. கார்புரேட்டரின் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் நிற்கும் சொற்பப் பெட்ரோலைப் பொறுத்தவரை இது பாதிக் காவல்தான். ஆவியாவதை இது தடுக்காது, வற்றிய இடத்தில் கறை படியும். ஆறு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் சேம்பரை வடித்துவிட்டே நிறுத்துங்கள். திறந்த பாட்டிலை இரண்டு வருஷத்துக்குள் தீர்க்க வேண்டும்; திறந்த தேதியை மூடியிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.