கார்டிலிருந்து கார்டுக்கு: ஒரு தொடக்கநிலை ராக் பியானோ பாடத்தொடர்

பியானோவில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு கார்ட் பிறந்துவிடும். இதை எந்தப் பாடமும் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிடும். ஒரு கார்டை விட்டு அடுத்ததற்குக் கை எப்படிப் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தரும் பாடம்தான் அரிது. நான் அண்மையில் இணையம் வழியாகப் படித்து முடித்த ராக் பியானோ வீடியோ பாடத்தொடர் அந்த அரிய வகையைச் சேர்ந்தது. சில குறைகள் எரிச்சலூட்டின. இருந்தும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். குறைகளையும் விரிவாக எழுதப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே சாயலில் பல பாடத்தொடர்கள் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் இங்கே சொல்பவற்றை வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

சிறு வயதில் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டவள் நான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், சில கீதங்கள், அதோடு நின்றுபோனது. ஒற்றை ஸ்வரம் காதில் விழுந்தால் பிடித்துவிடுவேன். மூன்று ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது எனக்குப் புது உலகம். வீட்டில் மகன் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். அவனோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. தேர்வு, சான்றிதழ், மேடை எதுவும் எனக்கு வேண்டாம். ஆகவே ஒரு பாடம் எவ்வளவு விரைவில் இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்க வைக்கிறது என்பதே என் அளவுகோல்.

முதல் சில பாடங்கள் மேஜர், மைனர் கார்டுகள் பற்றியவை. ஆசிரியர் இங்கே எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை; எண்ணச் சொல்கிறார். சி-யில் தொடங்கி (மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துகளே பெயர்), கருப்பு வெள்ளை பாராமல் அடுத்தடுத்த கட்டைகளாக நான்கு தள்ளினால் இ. அங்கிருந்து மூன்று தள்ளினால் ஜி. நான்கும் மூன்றும் சேர்ந்தால் மேஜர். அதைத் திருப்பிப் போட்டு முதலில் மூன்று, பிறகு நான்கு என்று தள்ளினால் மைனர். இரண்டிலும் ஓரத்து ஸ்வரங்கள் மாறுவதில்லை. நடு விரல் ஒரே ஒரு கட்டை இடம் மாறுகிறது. அந்த ஒரு கட்டையில் முகம் மலர்ந்த ஒலி வாடிவிடுகிறது. இதை ஒருமுறை கையால் செய்து காதால் கேட்டுவிட்டால் எந்த அட்டவணையும் தேவைப்படாது.

அடுத்து ஒரு ஸ்கேலுக்குள், அதாவது ஏழு ஸ்வர வரிசைக்குள், பிறக்கும் ஏழு கார்டுகள். சி மேஜர் ஸ்கேலில் ஒரு ஸ்வரம் விட்டு ஒரு ஸ்வரமாக மூன்றை எடுத்தால் ஒரு கார்ட். இப்படி ஒவ்வொரு படியிலிருந்தும் எடுத்தால் ஏழு. இதை ஆசிரியர் எண்களால் விளக்குகிறார். நான் என் வசதிக்கு ஸ்வரங்களால் எழுதி வைத்துக்கொண்டேன். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தானே. ஸ-க-ப மேஜர். ரி-ம-த மைனர். க-ப-நி மைனர். ம-த-ஸ மேஜர். ப-நி-ரி மேஜர். த-ஸ-க மைனர். கடைசியில் நி-ரி-ம மட்டும் இரண்டிலும் சேராமல் நெருக்கிப் பிடித்தாற்போல் ஒலிக்கும். அதற்கு டிமினிஷ்ட் என்று பெயர். பாட்டுப் படித்த எவரும் இப்படி எழுதிப் பார்த்தால், இசைக் கோட்பாடு என்று மிரட்டும் பகுதியில் பாதி தமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைக் கண்டுகொள்வார்கள்.

இந்தத் தொடரின் உயிர் இன்வர்ஷன் பற்றிய பாடங்களில் இருக்கிறது. இன்வர்ஷன் என்றால் அதே மூன்று ஸ்வரங்களை வரிசை மாற்றி அடுக்குவது. சி-இ-ஜி என்பதை ஜி-சி-இ என்று அடுக்கினாலும் அது சி மேஜர்தான். எதற்காக மாற்ற வேண்டும்? பெரும்பாலான பாடங்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் பயிற்சியை மட்டும் கொடுத்துவிடுகின்றன. இந்த ஆசிரியர் முதலில் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கார்டுகளை அடிப்படை அடுக்கில் வாசித்துக் காட்டுகிறார். கை அங்கும் இங்கும் தாவுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் இசை அறுந்து மீண்டும் ஒட்டுகிறது. ராக் இசையில் எண்ணற்ற பாட்டுகள் இந்த நான்கு கார்டுகளின் மேல்தான் நிற்கின்றன என்பதால், இதைச் சரியாக வாசிப்பது சின்ன விஷயம் இல்லை.

பிறகு அதே நான்கையும் இப்படி வாசிக்கிறார். சி மேஜருக்கு ஜி-சி-இ. ஜி மேஜருக்கு ஜி-பி-டி. இங்கே கட்டைவிரல் அசையவே இல்லை. நடுவில் உள்ள சி பக்கத்துக் கட்டையான பி-க்கு இறங்குகிறது. மேலே உள்ள இ, டி-க்கு இறங்குகிறது. அடுத்து ஏ மைனருக்கு மூன்று விரல்களும் ஆளுக்கொரு வெள்ளைக் கட்டை மேலேறி ஏ-சி-இ. அதிலிருந்து எஃப் மேஜருக்குப் போகும்போது ஏ-யும் சி-யும் அப்படியே இருக்க, சுண்டுவிரல் மட்டும் இ-யிலிருந்து எஃப்-க்கு நகர்கிறது. மறுபடி சி-க்குத் திரும்பும்போது நடு விரல் நிற்கிறது. ஓரத்து விரல்கள் இரண்டும் ஒரு படி இறங்குகின்றன. முழுச் சுற்றும் உள்ளங்கை அகலத்துக்குள் முடிந்துவிடுகிறது. மேலே ஒலிக்கும் ஸ்வரங்களை மட்டும் பாடிப் பாருங்கள்: இ, டி, இ, எஃப். அது தானாகவே ஒரு மெட்டாக இருக்கிறது. கார்ட் மாற்றம் என்பதற்குள் மூன்று மெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்துபோகின்றன என்பதை இந்த இடத்தில்தான் உணர்ந்தேன். இந்தப் பாடத்துக்காக மட்டுமே முழுத் தொடரையும் வாங்கலாம் என்பேன்.

வீடியோ எடுத்த விதமும் இங்கே பெரிதும் உதவுகிறது. கேமரா நேர் மேலிருந்து விரல்களைக் காட்டுகிறது. அசையாமல் நிற்கும் ஸ்வரம் ஒரு நிறத்திலும் நகரும் ஸ்வரம் வேறொரு நிறத்திலும் தெரிகின்றன. கண்ணைப் பறிக்கும் அலங்காரங்கள் எதுவும் இல்லை. பேச்சும் குறைவு.

இடது கை பற்றி ஆசிரியர் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: கீழ்ப்பகுதியில் நெருக்கமாக மூன்று ஸ்வரம் அழுத்தாதே. ஒவ்வொரு கார்டின் முதல் ஸ்வரத்தையும் அதன் ஸட்ஜமாகக் கொண்டால், தாழ்ந்த சுருதியில் ஸட்ஜமும் காந்தாரமும் அருகருகே ஒலித்தால் ஒன்றோடொன்று உரசிக் கலங்கிவிடுகின்றன. அதனால் இடது கைக்கு ஸட்ஜம் மட்டும், அல்லது ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும், அல்லது ஸ-ப. வலது கைக்கு முழுக் கார்ட். இந்தப் பங்கீட்டைப் பின்பற்றிய அன்றே ஒலி தெளிந்தது.

ஸ-ப என்றதும் பவர் கார்டுக்கு வர வேண்டும். ராக் கிட்டாரின் முதுகெலும்பு அது. காந்தாரத்தை விட்டுவிட்டு ஸட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் வாசிப்பது. காந்தாரம் இல்லாததால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. கிட்டாரின் ஒலியை டிஸ்டார்ஷன் போட்டுச் சிதைக்கும்போது புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. ஸட்ஜ-பஞ்சம ஜோடியின் அதிர்வெண்கள் ஏறக்குறைய 3:2 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால், பிறக்கும் புதிய ஒலிகளும் அதோடு ஒத்துப்போகின்றன. காந்தாரம் சேர்ந்தால் இரைச்சல் கூடிவிடுகிறது. இந்த விளக்கம் பாடத்தில் இல்லை, இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் கிட்டாரோடு சேரும் பியானோக்காரருக்கு முதலில் எழும் சிக்கலே இதுதான். நான் முழுக் கார்டுகளாக வாசித்துக்கொண்டிருந்தபோது மகன் கையை நிறுத்திவிட்டு, "அம்மா, நடுவில் இருக்கிற அந்த ஸ்வரத்தை எடுத்துவிட்டு வாசியேன்" என்றான். எடுத்தேன். இரண்டு வாத்தியமும் ஒன்றாக உறுமின. கொஞ்சம் கழித்து, "இப்போது அதை மேலே கொண்டுபோய்ச் சேர்" என்றான். ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே காந்தாரம் விழுந்ததும் அறைக்குள் வெளிச்சம் கூடியது போல் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது எதை விட வேண்டும், விட்டதை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு பாடமாவது சேர்த்திருந்தால் இந்தத் தொடர் எங்கோ போயிருக்கும்.

பன்னிரண்டு பார் ப்ளூஸ் பற்றிய பகுதி சுவையானது. பார் என்பது தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் போல, இங்கே நான்கு அடி. கார்டின் எண் என்பது அது ஸ்கேலின் எத்தனையாவது படியில் பிறந்தது என்பது. முதல் கார்ட் நான்கு பார், நான்காம் கார்ட் இரண்டு, மறுபடி முதலாவது இரண்டு, பிறகு ஐந்தாவது ஒன்று, நான்காவது ஒன்று, முதலாவது இரண்டு. அவ்வளவுதான் கட்டமைப்பு. பூகி-வூகி என்ற துள்ளலான ப்ளூஸ் பியானோ பாணியிலிருந்து 1950களின் ராக் அண்ட் ரோல் வரை இந்தச் சுற்று எப்படி வந்தது என்பதை ஆசிரியர் வாசித்தே காட்டுகிறார். அக்காலப் பியானோ பாடகர்களான ஃபேட்ஸ் டாமினோ, லிட்டில் ரிச்சர்ட் இருவரையும் எடுத்துக்கொள்கிறார். ஃபேட்ஸ் டாமினோ பாணியில் வலது கை ஒவ்வொரு அடியையும் மும்மூன்றாகப் பிரித்துக் கார்டைத் தட்டுகிறது. நம் காதுக்கு அது திஸ்ர நடை. லிட்டில் ரிச்சர்ட் பாணியில் அடி இரண்டாகப் பிளந்து, ஒரு பாருக்கு எட்டுத் தட்டுகளாகச் சம்மட்டி போல் இறங்குகிறது. கார்டுகள் அதேதான், நடை மாறியதும் ஆளே மாறிவிடுகிறார். ராக் இசையில் பியானோ பின்னால் உட்கார்ந்த வாத்தியம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும். அது தொடக்கத்திலிருந்தே முன்வரிசையில் இருந்த வாத்தியம்.

கோட்பாட்டில் இன்னொரு நல்ல இடம், ஸ்கேலுக்கு வெளியிலிருந்து வரும் பி ஃப்ளாட் (பி-க்கு ஒரு கட்டை கீழே உள்ள கருப்புக் கட்டை) மேஜர் கார்ட். சி, பி ஃப்ளாட், எஃப், சி என்று வாசித்தால் உடனே ராக் மணம் வருகிறது. இதற்குக் காரணம் மிக்ஸோலிடியன் என்ற மோட் (ஒருவகை ஸ்வர வரிசை) என்கிறார் ஆசிரியர். சங்கராபரணத்தின் நிஷாதத்தை ஒரு கட்டை இறக்கினால் ஹரிகாம்போதி. அதே ஸ்வரங்கள்தான் மிக்ஸோலிடியன். அப்படி இறக்கிய, கைசிகி எனப்படும் நிஷாதத்தின் மேல் ஒரு மேஜர் கார்ட் கட்டினால் கிடைப்பதுதான் இந்த பி ஃப்ளாட். ராகமாகப் பாடும்போது கமகத்தோடு குழையும் அந்த ஸ்வரம், இங்கே அசையாத தூணாக நிற்பதைக் கேட்பது தனி இன்பம்.

இனிக் குறைகள். எல்லாப் பாடமும் சி-யிலேயே நடக்கிறது. விளக்குவதற்கு அது வசதிதான். ஆனால் கிட்டாரின் திறந்த தந்திகள் இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி கூட்டப்பட்டிருப்பதால், கிட்டார்காரர்கள் இ-யிலும் ஏ-யிலும் வாசிக்கவே விரும்புவார்கள். இ மேஜர் ஸ்கேலில் நான்கு கருப்புக் கட்டைகள் இருக்கின்றன. சி-யில் பழகிய கைக்கு அது அந்நிய வீடு. ராக் என்று பெயர் வைத்துக்கொண்டு இ மேஜரைத் தொடாமல் ஒரு பாடத்தொடர் முடிவது நியாயமே இல்லை. ஐந்தாம் ஸ்வரச் சக்கரத்துக்கு (ஸ-விலிருந்து ப, அந்தப் ப-வையே ஸ-வாக வைத்து அடுத்த ப என்று பன்னிரண்டு ஸ்வரங்களையும் சுற்றிவரும் வட்டம்) ஒரு முழுப் பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வட்டத்தைப் படமாகக் காட்டி மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் முன்பு சொன்ன நான்கு கார்டுச் சுற்றை இ-க்கும் ஏ-க்கும் மாற்றி வாசிக்க வைத்திருந்தால் சக்கரம் தானாகவே புரிந்திருக்கும்.

தொடரோடு வரும் செயலி நம் வாசிப்பைக் கேட்டு மதிப்பெண் போடுகிறது. சரியான கட்டையை அழுத்தினோமா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. எவ்வளவு நேரம் பிடித்தோம், எங்கே கையை எடுத்தோம் என்பதை அது கண்டுகொள்வதே இல்லை. ராக் பியானோவில் கையை எடுக்கும் இடம் பாதி இசை. தாளம் சிதறிய வாசிப்புக்கும் அந்தச் செயலி முழு மதிப்பெண் தருவதைப் பார்த்து, அதை நிறுத்தி வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக உடன் தரப்படும் பின்னணி இசைப் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸும் பேஸும் (தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டார்) மட்டும் உள்ள அந்தப் பதிவுகள் மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என மூன்று வேகங்களில் இருக்கின்றன. நன்றாகத் தயாரிக்கப்பட்டவை. மெதுவான பதிவோடு கையால் தாளம் போட்டுக்கொண்டே கார்டுகளின் பெயர்களை வாயால் சொல்லிப் பழகிவிட்டுப் பிறகு கட்டையில் கை வைப்பது எனக்குப் பெரிதும் பயன்பட்டது.

கேட்டுக் கண்டுபிடிக்கும் பயிற்சியும் போதவில்லை. ஒரு பாட்டின் பேஸ் போகும் வழியைப் பிடித்து அதிலிருந்து கார்டை ஊகிப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

வாத்தியம் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்தத் தொடருக்கு 88 கட்டை பியானோ கட்டாயம் இல்லை. 61 கட்டை, அதாவது ஐந்து ஆக்டேவ் உள்ள கீபோர்டு போதும். ஆனால் அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைய வேண்டும். அந்த வசதி இல்லாத கீபோர்டில் ப்ளூஸ் பகுதி உயிரற்றுப் போகும். கையை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மாட்டும் துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெடல் பாடத்தைத் தொடரின் கடைசியில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதை இன்வர்ஷன் பாடம் முடிந்த உடனேயே பார்த்துவிடுங்கள். புதிய கார்ட் விழும் அதே கணத்தில் காலைத் தூக்கி, அது ஒலிக்கத் தொடங்கியதும் மறுபடி அழுத்த வேண்டும். முந்தைய கார்ட் முழுதாக விலகி, இடைவெளியே தெரியாமல் அடுத்தது வந்து உட்காரும்.