லான்மோவர் பிளெனியா, டெயில்ஸ்பாட் பிளெனியா?

கடல்நீர்த் தொட்டிக்குப் பாசி மேயும் சின்ன மீன் கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் காட்டுவது பிளெனி வகை மீனான லான்மோவரைத்தான். 13 செ.மீ.க்கு மேலும் வளரும். 200 லிட்டராவது வேண்டும். கல்லிலும் கண்ணாடியிலும் படியும் மெல்லிய பாசிப்படலத்தைச் சுரண்டித் தின்னும், நீண்ட முடிப்பாசியை அவ்வளவாகத் தொடாது. புதுத் தொட்டியில் படலம் தீர்ந்ததும் பட்டினிதான். வயிறு ஒட்டத் தொடங்கினால் உப்பு, மசாலா சேர்க்காத நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்)க் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள்; மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள், இல்லையேல் அழுகி நீரில் நைட்ரேட் கழிவு ஏறும். சில மீன்கள் நோரியையும் சீண்டாது.

டெயில்ஸ்பாட் 6 செ.மீ.தான். 60 லிட்டர் போதும். ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) குருணைத் தீவனத்துக்குச் சீக்கிரம் பழகும். பாசி குறைந்த தொட்டிக்கு இதையே வாங்குங்கள்.

இரண்டும் துள்ளும், வலைமூடி கட்டாயம். சிறு தொட்டியில் இரண்டையும் சேர்த்து விட்டால் சண்டைதான்.