இ-சஞ்சீவனி: அம்மாவுக்கு வீட்டிலிருந்தே டாக்டர்

மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகத்தின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியை எங்கள் வீட்டில் அம்மாவுக்காகத்தான் பயன்படுத்துகிறோம். முட்டி வலியோடு பஸ் ஏறி, ஓபி சீட்டு வாங்கி, வரிசையில் நிற்பது அவரால் முடியாத காரியம்.

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் இந்த வசதி வந்தது. உருவாக்கியது பஞ்சாபின் மொகாலியிலுள்ள சி-டாக் என்ற மத்திய அரசின் கணினித் தொழில்நுட்ப நிறுவனம். கட்டணம் கிடையாது. செல்போன் எண், ஓடிபி, பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் ஏற்றி, டோக்கன் வாங்கிக் காத்திருந்தால் வீடியோவில் டாக்டர் வருவார்.

எனக்கு மனசு நிறைந்தது அந்த டாக்டர் விசாரித்த விதத்தில்தான். பிரஷர் மாத்திரை அட்டையைக் கேமரா முன்னால் பிடிக்கச் சொன்னார். "இதைச் சாப்பிட ஆரம்பிச்சப்புறம் கால் வீங்குதாம்மா?" என்று கேட்டார். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தச் சொல்லி, குழி விழுகிறதா என்று பார்த்தார். நேரில் போனால்கூட இவ்வளவு பொறுமை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிட்டது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் இதில் உட்காரக் கூடாது, உடனே 108தான். அப்புறம், வயதானவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்தபடியே டாக்டரோடு இணைக்கும் வசதியும் இதே திட்டத்தில் உண்டு.