ராஜ்தூத் 350-க்கு எஃப்இசட் ஃபோர்க்கும் டிஸ்க்கும்

எஸ்கார்ட்ஸ் 1983 முதல் சில ஆண்டுகள் இங்கே தயாரித்து விற்ற ராஜ்தூத் 350, யமஹாவின் ஆர்டி 350-தான். 347 சிசி, ரெட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். எச்டி (ஹை டார்க்) மாடலில் 30.5 பிஎச்பி. ஜப்பான் வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. நமக்கு டிரம் பிரேக்கோடு வந்து சேர்ந்தது. இந்த வண்டியைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே "டிஸ்க் போடலாமா?" என்பதுதான். என் எச்டியில் யமஹாவின் பிந்தைய வண்டியான எஃப்இசட் 16-இன் முன்பக்கத்தை அப்படியே ஏற்றி சில வருஷமாக ஓட்டுகிறேன். தாராளமாகப் போடலாம். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய ஃபோர்க்கை வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் மாட்டுவதாக இருந்தால், டிரம்மே தேவலை.

டிரம்முக்கு ஆதரவாகவும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அது சாதாரண டிரம் இல்லை. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் இரண்டு ஷூவும் சக்கரம் சுற்றும் போக்கில் இழுபட்டு, தானாகவே இன்னும் இறுகிப் பிடிக்கும் அமைப்பு. ஷூக்களை விரிக்கும் இரண்டு கேம் லீவரையும் ஒரு சின்னக் கம்பி இணைக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஷூவும் ஒரே சமயத்தில் டிரம்மைத் தொடும்படி அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பாதிப் பேர் அந்தக் கம்பியைத் தொடுவதே இல்லை. கேபிளை மட்டும் முறுக்கிவிட்டு டிரம்மைத் திட்டுவார்கள். ஒழுங்காக செட் செய்து, லைனிங்கும் புதிதாக இருந்தால் ஊருக்குள் ஓட்ட அதுவே போதும். ஒரு விநோதம், வண்டி பின்னால் உருளும்போது இந்த டிரம் அவ்வளவாகப் பிடிக்காது. ஏற்றத்தில் நிறுத்திவிட்டு முன் பிரேக்கை நம்பி நின்றால் வண்டி மெதுவாகப் பின்வாங்கும்.

எனக்கு அது போதாமல் போனது வால்பாறை இறக்கத்தில். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் பெயருக்குத்தான் உண்டு. கியரைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் பாரம் முழுக்க பிரேக்கின் தலையில்தான். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இறங்கவும் கூடாது, எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் பம்பும் அதோடு சேர்ந்தே குறைந்துவிடும். ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவு. டிரம் சூடேறி விரிந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், லீவர் கைப்பிடிக்கு அருகே வந்துகொண்டே இருக்கும். கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவான லோம்ஸ் வியூ வருவதற்குள் நாலு விரலும் போட்டு இழுத்தாலும் வண்டி யோசித்துத்தான் நிற்கும். அங்கே நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் நடுவே, பிரேக் ஆற நிற்கும் ஆர்டிக்காரர்களும் இருப்பார்கள்.

சரி, மாற்று வேலைக்கு வருவோம். எஃப்இசட் 16-ஐத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் 41 மில்லிமீட்டர் ஃபோர்க். ஆர்டியின் ஒல்லிக் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். இறுக்கிப் பிரேக் பிடித்தால் பழைய ஃபோர்க் முழுதாக அமுங்கி, முறுகவும் செய்யும். அதில் டிஸ்க்கைப் பூட்டினால் முறுகல் இன்னும் கூடும், டயர் ரோட்டைச் சீராக அழுத்தாது.

ஃபிரேமின் கழுத்துக்குள் நின்று ஹேண்டிலோடு திரும்பும் தண்டுதான் ஸ்டெம். எஃப்இசட்டுடையது ஆர்டியின் கழுத்தில் உட்காராது. ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ் பிளேட்டிலிருந்து அதை பிரஸ்ஸில் வெளியே தள்ளிவிட்டு, சரியான அளவில் கடைந்த ஸ்டெம்மை இறுக்கமாக ஏற்ற வேண்டும். கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமா? ஆனாலும் நான் முதலில் போன பட்டறையில் "வெல்டு வெச்சுக் குடுத்துடலாம்ணா" என்றார்கள். நேரே வெளியே வந்துவிட்டேன். ஸ்டெம்மில் ஒட்டு வேலை வேண்டவே வேண்டாம். அடுத்து போன இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து செய்து கொடுத்தார்கள். மொத்தச் செலவில் பெரிய பங்கு இந்த ஒரு உருப்படிக்குத்தான். கழுத்தின் பேரிங்கான கோன் செட்டையும் அப்போதே புதிதாக மாற்றிவிடுங்கள்.

லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் அதே எஃப்இசட்டுடையது. வேறு பெரிய வண்டியின் மாஸ்டரைப் போட்டால் லீவர் கட்டை மாதிரி இருக்கும், பிரேக் பிடிக்காது. ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டேன். ஆர்டி கொஞ்சம் கனமான வண்டி என்பதால் ஃபோர்க் ஸ்பிரிங்குக்கு மேலே பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி வைத்து, ஆயிலையும் கொஞ்சம் கெட்டியானதாக 15 டபிள்யூ ஊற்றினேன். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டால் எவ்வளவு அமுங்குகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். துண்டு வைக்கும் முன் டை மேலே கடைசிவரை தள்ளப்பட்டிருந்தது. இப்போது எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கொஞ்சம் மிச்சம் விட்டே நிற்கிறது.

ஓட்டத்தில், மலை இறக்கம் முழுக்க இரண்டு விரல்தான். லீவர் கடைசி வளைவிலும் முதல் வளைவில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மழையிலும் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து செத்துப்போகும் தொல்லை இல்லை. பிரேக் ஆயிலை மட்டும் தவறாமல் மாற்றுகிறேன். டாட் 4 ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரமேறிய நிலையில் 155 வரை இறங்கலாம். அது கொதித்தால் டிஸ்க்கும் டிரம் போலத்தான் கையை விரிக்கும்.

இழந்ததும் உண்டு. 18 அங்குல ஸ்போக் சக்கரம் போய் 17 அங்குல அலாய் வந்ததில் அழகு போயிற்று, மறுப்பதற்கில்லை. முன்பக்கம் தாழ்ந்ததால் வளைவில் சட்டென்று திரும்புகிறது. ஆனால் பொள்ளாச்சி ரோட்டில் வேகமாகப் போகும்போது, முன்பு கல்லாக நின்ற ஹேண்டில் இப்போது லேசாகப் படபடக்கிறது. குழாய்களை மேல் பிளேட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பூட்டியதில் பாதி சரியாயிற்று. கேபிள் மீட்டருக்கு இந்த ஹப்பில் இடமில்லை. காந்தம் வைத்த சைக்கிள் மீட்டர் ஒன்று வேலை செய்கிறது. முன்னால் நன்றாகப் பிடிப்பதால் பின்பக்கம் இலகுவாகி, பின் டிரம்மைப் பழைய பழக்கத்தில் மிதித்தால் சக்கரம் லாக் ஆகிறது. அப்புறம், பின் ஷாக் அப்சார்பர் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த தளர்ச்சி இப்போது நன்றாகத் தெரிகிறது. அடுத்த செலவு அதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை ஏற்பதில்லை. இன்சூரன்ஸ் கிளைமில் இது தலைதூக்கலாம். பழைய ஃபோர்க், டிரம், சக்கரம் மூன்றையும் எண்ணெய் தடவி, சாக்கு சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். ஃபிரேமில் எங்கும் வெட்டவில்லை என்பதால் ஒரு மத்தியானத்தில் பழையபடி பூட்டிவிடலாம்.