ரேடியோ அலையா, அல்ட்ராசவுண்டா, நாலாவது மாத்திரையா?

மூன்று மாத்திரை போட்டும் பிபி 150-க்குக் கீழே இறங்காதவர் இதய மருத்துவரிடம் போனால் ஒரு பதில் கிடைக்கும். சிறுநீரக மருத்துவரிடம் போனால் வேறொன்று. இருவருக்கும் நடுவில் நிற்பது ரீனல் டினர்வேஷன். தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள பரிவு நரம்புகளை (உடலைப் பரபரப்பாக்கும் நரம்புகள்) உள்ளிருந்தே சுட்டு அடக்கும் சிகிச்சை. அந்த நரம்புகளின் தூண்டல் குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைப்பதும், பிபியை ஏற்றும் ரெனினைச் சுரப்பதும் குறையும்.

2009-ல் வந்த முதல் ஆய்வு முடிவுகள் பிரமாதமாக இருந்தன. 2014-ல் அமெரிக்காவில் 535 பேரை வைத்து நடந்த சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-3 ஆய்வு எல்லாவற்றையும் கவிழ்த்தது. சிகிச்சை பெற்றவர்களுக்கு மேல் அழுத்தம் சுமார் 14 புள்ளி குறைந்தது. ஒப்பீட்டுக்காக, நரம்பைச் சுடாமல் வெறும் ஆஞ்சியோ மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் 12 புள்ளி குறைந்தது! செய்தவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு கேஸ் அனுபவம்தான், நரம்புகள் முழுதாகச் சுடப்படவில்லை என்று ஆதரவாளர்கள் வாதாடினார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டவர்களின் சந்தேகம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இப்போது களத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு கருவிகள். முதலாவது மெட்ட்ரானிக் நிறுவனத்தின் சிம்ப்ளிசிட்டி ஸ்பைரல்; சுருள் வடிவில் நான்கு மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் 60 விநாடி ரேடியோ அலை பாய்ச்சும். தமனியின் சிறு கிளைகளுக்குள்ளும் போகும். இரண்டாவது ரீகோர் நிறுவனத்தின் பாரடைஸ் அல்ட்ராசவுண்ட். பலூனுக்குள் ஓடும் தண்ணீர் தமனியின் உட்சுவரைக் குளிர்விக்க, வெப்பம் சற்றுத் தள்ளியிருக்கும் நரம்பில் விழும். ஒரு முறைக்கு 7 விநாடிதான்.

எது மேல்? ஜெர்மனியின் லைப்சிக்கில் 120 பேரிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பிரதானத் தமனியை மட்டும் ரேடியோ அலையால் சுட்டதைவிட அல்ட்ராசவுண்ட் நன்றாக வேலை செய்தது. கிளைகளையும் சேர்த்துச் சுட்டபோது, உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2023-ல் அமெரிக்காவின் மருந்து, கருவி அனுமதி அமைப்பான எஃப்டிஏவின் நிபுணர் குழு, பாரடைஸின் பயன் அபாயத்தைவிட அதிகம் என்று ஆதரவாக 10, எதிராக 2 என ஓட்டளித்தது. ஸ்பைரலின் பயன் அதன் அபாயத்தைவிட அதிகமா என்ற கேள்விக்கு ஒரே ஓட்டில் ‘இல்லை’ என்றது. மருந்தோடு சேர்த்துச் செய்த ஸ்பைரல் ஆய்வு அதன் முக்கிய இலக்கைத் தொடவில்லை என்பதே காரணம். அப்புறம் நவம்பரில் எஃப்டிஏ இரண்டுக்குமே அனுமதி தந்துவிட்டது. என்னைக் கேட்டால், கருவியைவிட அதைப் பிடிக்கும் கையைப் பார்த்துத் தேர்வு செய்வதே புத்திசாலித்தனம்.

உண்மையான போட்டி நாலாவது மாத்திரையோடுதான். பழைய, மலிவான ஸ்பைரோனோலாக்டோன். 2015-ல் வெளியான பிரிட்டனின் பாத்வே-2 ஆய்வில், போலி மாத்திரையைவிட இது வீட்டு பிபியை 8.7 புள்ளி கூடுதலாகக் குறைத்தது. டினர்வேஷனின் நல்ல ஆய்வுகளில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட வித்தியாசம் சராசரியாக 4 முதல் 6 புள்ளி. இரண்டும் வேறு வேறு ஆய்வுகள், அப்படியே கழித்துப் பார்க்க முடியாது. செக் நாட்டின் பிராக்-15 ஆய்வு நேரடியாகவே ஒப்பிட்டது: ஆறு மாதத்தில் இரு தரப்பிலும் ஏறக்குறைய 8 புள்ளி குறைந்தது. ஆனால் மாத்திரை தரப்பில் கணிசமானோர் பக்கவிளைவால் அதை நிறுத்திவிட்டார்கள். பொட்டாசியம் ஏறும், ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும்.

இதய மருத்துவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். நோயாளி மறந்தாலும் சிகிச்சை மறக்காது, இரவிலும் அதிகாலையிலும் வேலை செய்யும் என்பார்கள். சரிதான். சிறுநீரக மருத்துவர்களின் எதிர்க்கேள்வி எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது: யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியாது. சிலருக்கு 20 புள்ளி இறங்குகிறது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அதோடு, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, அட்ரினல் சுரப்பியில் உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டெரோன் மிகுந்திருக்கிறதா, குறட்டையோடு மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்காமலே நோயாளியைக் கதீட்டர் மேசைக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதும் அவர்கள் கவலை.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் டினர்வேஷனை முதல் சிகிச்சையாக ஏற்கவில்லை. மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு, அனுபவமுள்ள மையத்தில், அவர்களே விரும்பினால் செய்யலாம் என்கிறது. சிறுநீரக வடிகட்டும் திறன் 40-க்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்கிறது. ஆகவே என் வரிசை: முதலில் அந்தப் பரிசோதனைகள், அடுத்து ஸ்பைரோனோலாக்டோன், அது ஒத்துக்கொள்ளாவிட்டால் டினர்வேஷன். அதற்குப் பிறகும் பெரும்பாலானவர்கள் மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.